கஷ்டம் காரின் க்ரீம் கலர்

பழைய கிட்டங்கித் தெருவில் நிறம் போன ஒரு சாமானாவது இல்லாத வீடு கிடையாது. அத்தனைக்கும் காரணம் நான்தான், ஆனால் அதை யாரும் குற்றமாகவும் சொன்னதில்லை, அதிசயமாகவும் சொன்னதில்லை. தூத்துக்குடியில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும், கரையான் கதவைத் தின்னும், அதுபோல பெயின்ட்காரர் பெண்டாட்டி செலஸ்டினா கலரைத் தின்பாள் என்று சொல்லித் தெரு அதை ஜீரணித்துவிட்டது. நான் சொல்ல வந்தது எனக்குத் துரோகம் செய்தவர்களின் கதை. கலரைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது என்பதால் கலரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பெனடிக்ட் கார் பெயின்டர். ஸ்ப்ரே கன்னைப் பிடித்து அடிப்பது அவர், கலரைக் கரைத்துக் கொடுப்பது நான். கல்யாணமான மூன்றாம் வருஷம், பக்கத்து வீட்டுத் தையல்காரி பூரணத்தின் வீட்டுக்காரர் பச்சை ஸ்கூட்டரோடு கீழே விழுந்து, நசுங்கின மட்கார்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து, இதே பச்சை வேண்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். நான் டப்பாவில் பச்சையைக் கரைத்தேன், மஞ்சளைச் சொட்டினேன், வெள்ளையைச் சொட்டினேன், குச்சியின் நுனியில் தொட்டுக் கடைசியாக ஒரு சொட்டுக் கறுப்பை விட்டேன், பச்சை அப்படியே பொருந்தியது, பொருந்திய அந்த நொடியே என் கையிலிருந்த மட்கார்டில் பச்சை இல்லை. அதே நேரத்தில் பூரணத்தின் வீட்டு வாசலிலிருந்து ஒரு சத்தம். அங்கே நின்ற ஸ்கூட்டரிலும் பச்சை இல்லை.

வெள்ளையாகிவிட்டது என்று முதலில் சொன்னார்கள். வெள்ளையும் ஒரு கலர்தானே, இது அதுவும் கிடையாது. கண் அங்கே போகும், நிற்க இடமில்லாமல் பக்கத்துச் சாமானுக்கு வழுக்கிவிடும். தொட்டால் இருக்கும், தட்டினால் சத்தம் வரும், பார்த்தால் மட்டும் இருக்காது. இரண்டு டயரும் ஒரு ஹாரனும் வாசலில் அந்தரத்தில் நின்றன. பூரணம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது வெறும் கலருட்டி" என்றாள். பெயர் அன்றைக்கு நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு தெரு அதோடு வாழப் பழகியதுதான் பெரிய கதை. வெறும் கலர் ஸ்கூட்டரில் எல்லோரும் முட்டிக்கொண்டதால் அதற்கு ஒரு சிவப்பு ரிப்பன் கட்டச் சொன்னார் போலீஸ்காரர், வண்டிப் பதிவு ஆபீசில் கலர் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுக் கொடுத்தார்கள், வெறும் கலர் பக்கெட்டைக் கிணற்றடியில் வைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் காலால் துழாவிக்கொண்டே நடக்கப் பழகினார்கள், மாமியாருக்குப் பயந்த ஒருத்தர் தன் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்து அதை வெறும் ஆக்கி வாங்கிப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார், தலையும் கையும் மட்டும் தெரிந்ததால் அப்படியும் மாட்டிக்கொண்டார், வேதக்கோயிலில் சாமியார் பூசை முடிந்ததும் அறிவிப்புகளோடு அறிவிப்பாக, பீடத்துச் சாமான்களை யாரும் செலஸ்டினா வீட்டுப் பக்கம் எடுத்துப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு மழைக்கால வசூலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் கேட்டார்கள்.

நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு சொட்டுக் குறைத்துவிட்டால் எதுவும் ஆவதில்லை. அடிபட்ட காருக்குக் கலர் கரைக்கும்போது கடைசிச் சொட்டை விடாமல் நிறுத்திவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, காரும் தன் கலரோடு வீடு போய்ச் சேரும். இனி யாருக்கும் வேண்டாத சாமானாக இருந்தால் மட்டும்தான் கடைசிச் சொட்டு. இதைத் தெரு முழுக்க அறியும். என்னோடு ஒரே கட்டிலில் படுக்கிற மனுஷருக்கு அது எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

இப்போது என் சேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பெண்கள் கல்யாணச் சேலையை இரண்டு தடவைதான் உடுத்துவோம். பீடத்தின் முன்னால் ஒருதரம், சவப்பெட்டியில் ஒருதரம். என் அம்மா அதைக் கட்டிக்கொண்டுதான் மண்ணுக்குள் போனாள். எனக்குச் சேலை எடுக்க அவள் என்னைக் கடைக்குக் கூட்டிப்போன அன்று, நாற்பது க்ரீமாவது விரிக்கச் சொல்லியிருப்பாள், ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் முகத்தைச் சுளித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள், கடைக்காரர் கும்பிடாத குறை, கடைசியாக ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "பால் பொங்கதுக்குச் செத்த முந்தி ஒரு கலர் வருமே, இதுதாம்" என்றாள். தங்க ஜரிகை போட்ட அந்தப் பட்டுச் சேலையை டிரங்குப் பெட்டியில் வேட்டித்துணி சுற்றி வைத்திருந்தேன். வருஷத்தில் ஒருநாள், கல்யாண நாளன்று, எடுத்து நிழலில் காயப்போட்டு மடிப்பு மாற்றி வைப்பேன். கல்யாண போட்டோவில் அந்தக் கலர் எப்போதோ ரோஸாகப் போய்விட்டது. உண்மையான கலர் பெட்டிக்குள்தான் இருந்தது. நான் சாகிற அன்று தெருவே கூடி நின்று அந்தக் கலரைப் பார்க்கும் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. சாவைப் பற்றி எனக்கிருந்த ஒரே சந்தோஷம் அது.

அப்படியிருக்கும்போதுதான் மச்சாது ஐயா கஷ்டம் காரைக் கொண்டுவந்தார்.

மச்சாது ஐயா எங்கள் தெருவின் பாதிக் கிட்டங்கிகளுக்கு, அதாவது சரக்கு குடோன்களுக்கு, சொந்தக்காரர். தன் அப்பா கொழும்பிலிருந்து கப்பலில் இறக்கிய பழைய கார் ஒன்றின் கூரையை வெட்டி, வேறொரு காரின் பின்பக்கத்தை ஒட்டவைத்து, மூன்றாவது ஒரு காரின் கண்களைப் பொருத்தி, முன்னால் கப்பல் மாதிரியும் பின்னால் மீன் மாதிரியும் ஆக்கியிருந்தார். இதற்குக் கஸ்டம் கார் என்று பெயர் என்று அவர் சொன்னார். தெருவுக்கு அது கஷ்டம் கார் என்றுதான் காதில் விழுந்தது. "கஷ்டம் எப்படி இருக்கு?" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் விசாரித்தார்கள். மச்சாது ஐயா தன் உடம்பைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, "தேவலாம், தேவலாம்" என்பார்.

அந்தக் காருக்கு அவருக்கு க்ரீம் கலர் வேண்டும். க்ரீமில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் நினைத்தோம். கறுப்பு கேட்கிறவனைச் சமாளித்துவிடலாம், சிவப்பு கேட்கிறவனையும் சமாளித்துவிடலாம், க்ரீம் கேட்டு வருகிறவன் தன் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வருகிறான், அதை அவனால் வாயால் சொல்லவும் முடியாது. போதாக்குறைக்கு, ஒரு சொட்டுக் குறைவைக் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. நான் இத்தனை வருஷத்தில் பார்த்த ஒரே ஆள். "ஏதோ ஒண்ணு கொறையுதும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்.

ஆகவே கடைசிச் சொட்டுப் போட்டே ஆக வேண்டும், அதற்கு வேண்டாத சாமான்கள் வேண்டும். தெரு அள்ளிக்கொண்டு வந்தது. முதலில் பேக்கரியிலிருந்து ஒரு மக்ரூன் வந்தது. கரைத்து பானெட்டில் அடித்துக் காட்டினோம். "இது இனிக்கி. காரு இனிக்கக் கூடாது" என்றார். அன்றைக்கு பேக்கரியில் ஒரு தட்டு மக்ரூனும் வெறும் ஆகிவிட்டது, ஜனங்கள் கையால் தடவித் தடவி எடுத்துத் தின்றுவிட்டு, ருசி இருக்கத்தான் செய்கிறது என்றார்கள், மறுநாளும் அதையே கேட்டார்கள். அடுத்து ஒரு சங்கு. "இதுல கடல் கெடக்கு." பாடகர் குழுவின் உடைந்த பியானோவிலிருந்து ஒரு கட்டை. "இது பல்லு." எரிந்து மிஞ்சின மெழுகுவத்தி. "இது எழவு வீடு." பாலாடை கொண்டுவந்தார்கள், பழைய கடுதாசி கொண்டுவந்தார்கள். ஒருவர் தன் மாப்பிள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தபோது மச்சாது ஐயா கோபப்பட்டே விட்டார். "அது சந்தன கலருப்பா! சந்தனம் வேற, க்ரீம் வேற. இதுகூடவா தெரியாது?" அதன் பிறகு தெரு இரண்டாகப் பிரிந்து, சந்தனமும் க்ரீமும் ஒன்றுதான் என்கிறவர்களும் வேறு வேறு என்கிறவர்களும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். தெருவில் இருந்த வெளிர் சாமான்களெல்லாம் ஒவ்வொன்றாக வெறும் ஆகிக்கொண்டு வந்தன, காரின் பானெட்டில் பதினோரு க்ரீம் பட்டைகள் வரிசையாக இருந்தன, மச்சாது ஐயா நாற்காலி போட்டு அவற்றின் முன்னால் உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டே இருந்தார்.

பெனடிக்டுக்கு இதில் ஒரு ஆசை இருந்தது, அதையும் நான் மறைக்க மாட்டேன். எங்கள் பட்டறை ஓலைச் சாய்ப்பு. அவர் அடிக்கிற பூச்சு காய்வதற்குள் காற்றில் உப்பும் தூசியும் வந்து உட்கார்ந்துகொள்ளும், உட்கார்ந்ததைத் தேய்த்துத் தேய்த்தே அவர் தோள்பட்டை இறங்கிவிட்டது. க்ரீம் மட்டும் சரியாக வந்துவிட்டால் தெருக்கோடிக் கிட்டங்கியை நாலு பக்கமும் அடைத்து பெயின்ட் அடிக்கிற அறையாக்கித் தருவதாகவும், மேலே 'பெனடிக்ட்' என்று போர்டு வைத்துக்கொள்ளலாம் என்றும் மச்சாது ஐயா சொல்லியிருந்தார். அந்த போர்டை பெனடிக்ட் தூக்கத்தில் பார்த்தார். நானும்தான் பார்த்தேன். அவர் என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. ஒருவேளை கொடுத்தும் இருப்பேன். அதைத்தான் அவர் எனக்கு இல்லாமல் ஆக்கிவிட்டார்.

ஒருநாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மச்சாது ஐயா பெனடிக்டைப் பக்கத்தில் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நான் டப்பா கழுவிக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு அவர் வந்து, என்னை அந்தச் சேலையில் பார்த்து, சாப்பிட்டுப் போனவர் என்பது எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் பெனடிக்ட் ஒரு அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கட்டைவிரல் அகலத்தில் ஒரு துணி அதில் ஒட்டியிருந்தது. மேலே கண்ணாடி மாதிரி கிளியர் வார்னிஷ் அடித்திருந்தது.

"இது எங்கன கெடச்சது?" என்றேன்.

"அந்தக் காரோட பழைய சீட்டுக்கு அடியில கெடந்த துணி. மொதக் காலத்துத் துணி போல."

"எங்கயோ பாத்த கலரா இருக்கே."

"எல்லாக் க்ரீமும் எங்கயோ பாத்த மாதிரிதாம்ட்டி இருக்கும்."

"ஒரு சொட்டு கொறச்சிருதேன். என்ன இருந்தாலும் அவிய அப்பா காலத்துத் துணி."

"வேண்டாம், முழுசாப் போடு. அது யாருக்கும் வேண்டாதது."

யாருக்கும் வேண்டாதது. இந்த வார்த்தையை அவர் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் கரைத்தேன். வெள்ளையை நிறைய ஊற்றி, மஞ்சளை எட்டுச் சொட்டு விட்டு, காவியைக் குச்சி நுனியால் தொட்டு, வெயிலில் பிடித்துப் பார்த்து, மறுபடி மஞ்சள், மறுபடி வெயில். அன்றைக்கு என் கை தானாகவே போனது. ஒரு கலரும் அதுவரை என்னிடம் அவ்வளவு இணக்கமாக வந்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பாட்டுக்கூட முணுமுணுத்தேன். அந்தப் பாட்டை அதன் பிறகு நான் பாடியதில்லை. கடைசியாக ஒரு சொட்டுக் கறுப்பு. அட்டையில் துணி வெறும் ஆனது. டப்பாவில் பால் பொங்கப் போனது.

மச்சாது ஐயா பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு காரைச் சாய்ப்புக்குள் தள்ளி, நாலு பக்கமும் ஈரச் சாக்கு கட்டி, பெனடிக்ட் ஐந்து பூச்சு அடித்தார். தெருவே வந்து பார்த்தது. எல்லோரும் காரைப் பார்த்தார்கள், உடனே என்னையும் ஒரு பார்வை பார்த்தார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கார் இன்னும் சீட்டு தைத்து, விளக்கு மாட்டி, தெருக்கோயில் திருவிழா அன்று வெளியே வர வேண்டியது.

திருவிழாவுக்கு ஆறு நாள் முந்தி எங்கள் கல்யாண நாள் வந்தது. இருபத்திரண்டாவது வருஷம். வழக்கம்போல டிரங்குப் பெட்டியைத் திறந்து வேட்டித்துணியைப் பிரித்தேன். உள்ளே தங்க ஜரிகை மட்டும் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது.

கையை விட்டேன். சேலை இருந்தது. அதே கனம், அதே வழவழப்பு, பாச்சா உருண்டை வாசம்கூட அப்படியே. தூக்கினேன், ஜரிகை மட்டும் காற்றில் தொங்கியது. விரலால் ஓரமெல்லாம் தடவிக்கொண்டே போனேன். உள்முந்தியில் ஓரிடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டி, அந்த வெட்டுத் தெரியாதபடி மடித்துப் பொடித் தையல் போட்டிருந்தது. அந்தத் தையல் யாருடையது என்று விரலுக்கே தெரிந்தது. என் ரவிக்கைகள் எல்லாவற்றிலும் அந்தத் தையல்தான்.

சேலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, எப்போதும் காயப்போடுகிற கொடியில், நடுத்தெருவுக்குத் தெரிகிற மாதிரி விரித்துப் போட்டேன். இரண்டு ஜரிகைக் கோடு காற்றில் ஆடியது. பேக்கரிக்காரர் அந்தப் பக்கம் வந்தார், பார்த்தார், சைக்கிளை வேகமாக மிதித்தார். சந்தனச் சட்டைக்காரர் வந்தார், குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டு போனார். பாடகர் குழுப் பெண்கள் கும்பலாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள் என் வாசலில் வாயை மூடிக்கொண்டு, தாண்டிப் போனபின் திறந்தார்கள். பத்தொன்பது வருஷம் ஒரு ஸ்கூட்டருக்கு நலம் விசாரித்த தெரு, அன்றைக்கு ஒருத்தர்கூட என்னிடம் 'ஐயையோ, என்னாச்சு?' என்று கேட்கவில்லை. கேட்காததில்தான் எனக்கு விளங்கியது. எல்லோருக்கும் தெரியும். நான் ஒருத்திதான் பாக்கி.

பூரணத்தின் வீட்டுக்குப் போனேன். மெஷினில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை.

"நீயா தச்ச?"

"வெட்டிட்டுத்தாம் கொண்டாந்தாரு, செலஸ்டி. பிசிறு பிசிறா இருந்துச்சு. அப்படியே விட்டா நூல் பிரிஞ்சு போயிருமேன்னு..."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"அவரு வேற சேலை நல்லதா எடுத்துக் குடுக்கேன்னாரு. தெருவுக்கே நல்லதுன்னாவ எல்லாரும். திருவிழாவுக்கு நம்ம தெருக் காரு முன்னால போவும்லா." பிறகு மெதுவாக, "நல்லாத்தாம் தச்சிருக்கேன்" என்றாள்.

நல்லாத்தான் தைத்திருந்தாள். அதில் குறை சொல்ல முடியாது.

பெனடிக்ட் சாப்பிட வந்தபோது தட்டு வைக்காமல் சேலையை அவர் மடியில் போட்டேன். அவர் கண்ணுக்கு ஜரிகை மட்டும்தான் தெரிந்தது, மீதி மடியில் கனமாகத் தெரிந்தது. முகம் மாறியது.

"சொல்லணும்னுதாம் இருந்தேன்" என்றார்.

"எப்ப? பெட்டியில வச்சு ஆணி அடிக்கப்பவா?"

"ஏட்டி, நீ அத உடுத்தியாக்கும் திரியுத? சாவும்போதுதான உடுத்தப் போற. பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டு நீயா பாக்கப் போற?"

நான் பார்க்கப் போவதில்லைதான். அதைப் பார்க்க வேண்டியவர் அவர். அதற்காகத்தான் இருபத்திரண்டு வருஷம் மடிப்பு மாற்றி மாற்றி வைத்திருந்தேன் என்பது அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை. வெட்டியதைக்கூட நான் ஒருநாள் மறந்திருப்பேன். ஆனால் அந்தத் துணிமேல் கிளியர் அடித்திருந்தாரே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தொட்டால் பட்டு என்று என் விரல் கண்டுபிடித்துவிடும் என்று யோசித்து, கன்னை எடுத்து, அடித்து, காயவைத்து, காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டு நாள் ஆகியிருக்கும் அதற்கு. அந்த இரண்டு நாளும் என் கையால்தான் சாப்பிட்டார்.

திருவிழா அன்று காலையில் கஷ்டம் கார் வெளியே வந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கப்பலும் மீனும் மறந்துபோய், பார்க்கிறவர்களுக்கு ஒரு மணப்பெண் நடந்து வருகிற மாதிரி இருந்தது, எனக்கு அந்த மணப்பெண் யார் என்று தெரிந்திருந்தது. மச்சாது ஐயா ஓட்டினார், பக்கத்தில் அவர் மனைவி தலையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் பேண்டு. இரண்டு பக்கமும் தெரு மொத்தமும்.

நான் ஒரு முக்காலியையும் நாலு டப்பாவையும் ஒரு பெரிய காலி டின்னையும் தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் காருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். பேண்டு நின்றது. கார் நின்றது. நான் வெள்ளையை ஊற்ற ஆரம்பித்தேன்.

"ஏட்டி, எந்திரி" என்று பெனடிக்ட் ஓடிவந்தார். நான் மஞ்சளைச் சொட்டினேன். எட்டு. காவியைத் தொட்டேன். வெயிலில் பிடித்துக் காரோடு வைத்துப் பார்த்தேன். நான் என்ன செய்கிறேன் என்று தெருவில் இருந்த பச்சைக் குழந்தைக்கும் தெரியும், ஆனாலும் ஒருத்தரும் கிட்டே வரவில்லை, பூரணம் கூட்டத்தில் பின்னால் போய் நின்றுகொண்டாள். கறுப்பில் குச்சியைத் தோய்த்து, டின்னுக்கு மேலே பிடித்துக்கொண்டு, மச்சாது ஐயாவை நிமிர்ந்து பார்த்தேன்.

"ஐயா, இந்தக் கலரு என்னோடது. என் கல்யாணச் சேலையோடது. எடுத்துக்கிடட்டுமா?"

அவர் திகைத்துப்போனார். "நீ மனசாரக் குடுத்தேன்னு உன் மாப்பிள்ளை சொன்னானேம்மா. நாந்தாம் அன்னைக்கே கேட்டேனே, உன் பொஞ்சாதிட்ட கேளுப்பா, அது சம்மதிச்சா மட்டும் குடுன்னு. கேட்டுட்டேன், அவ சந்தோஷமாச் சொல்லிட்டான்னானே."

எல்லோரும் பெனடிக்டைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. என் குச்சியின் நுனியில் சொட்டு கனத்துக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட யாரும் கேக்கல ஐயா. நான் உங்ககிட்ட கேக்கேன்."

மச்சாது ஐயா காரின் பானெட்டைப் பார்த்தார். ஸ்டீரிங்கைத் தடவினார். பதில் சொன்னது அவர் மனைவி. அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "எடுத்துக்கோ தாயி" என்றார், "நானும் ஒண்ணு பெட்டியில வச்சிருக்கேன்."

நான் சொட்டை விழவிட்டேன்.

நாலு டயரும் இரண்டு விளக்கும் ஒரு இன்ஜினும் சீட்டும் கொஞ்சம் வெள்ளிப் பட்டையும் அந்தரத்தில் நிற்க, அவற்றுக்கு மேலே மச்சாது ஐயாவும் அவர் மனைவியும் காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு யாரோ ஓடிப்போய் ஒரு சிவப்பு ரிப்பன் கொண்டுவந்து, முன்பக்கம் எது என்று துழாவிக் கண்டுபிடித்துக் கட்டினார்கள். பேண்டு மறுபடி ஆரம்பித்தது, ஊர்வலம் நகர்ந்தது. மச்சாது ஐயா என்னைத் தாண்டிப் போகும்போது, "கஷ்டம்" என்றார். முதல்முறையாகத் தெரு சொல்கிற மாதிரியே சொன்னார்.

சேலைக்குக் கலர் திரும்பவில்லை. போனது போனதுதான், அது எனக்கு முன்பே தெரியும். டின் நிறையக் கலர் இருந்தது, பெயின்டைச் சேலையில் பூசி உடுத்த முடியாது. மறுநாள் பெட்டி செய்கிற ஆசாரியைக் கூப்பிட்டு, வேப்பமரத்தில் ஒன்று செய்யச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டார். தரையில் படுத்து, அளவெடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெட்டி வந்ததும் பட்டி பார்த்து, தேய்த்து, அதுவரை பெனடிக்ட் கைமட்டுமே பட்ட கன்னை நான் எடுத்து, டின்னிலிருந்த அந்தக் கலரை ஏழு பூச்சு அடித்தேன். காற்றில் உப்பு இல்லாத நாளாகப் பார்த்துக் காத்திருந்து காத்திருந்து அடித்தேன். கிளியர் அடிக்கவில்லை. பிறகு ஆள் வைத்துத் தூக்கி, முன்னறையில் கல்யாணப் போட்டோவுக்கு நேர் கீழே வைத்தேன். வெறும் சேலையை மடித்து உள்ளே வைத்து மூடினேன்.

தெரு இதற்கும் பழகிவிட்டது. வருகிறவர்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய் உட்காருகிறார்கள். க்ரீமா சந்தனமா என்று இதைப் பார்த்து யாரும் சண்டை போடுவதில்லை, செலஸ்டி கலர் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். பூரணம் வந்து ஒருநாள் அதைத் தொட்டுப் பார்த்து அழுதாள், நான் காபி கொடுத்தேன், ரவிக்கைத் துணியை மட்டும் இப்போது வேறு இடத்தில் கொடுக்கிறேன். மச்சாது ஐயா சொன்ன சொல் தவறாமல் கிட்டங்கியை அடைத்துக் கொடுத்தார். போர்டும் இருக்கிறது. பெனடிக்டுக்கு நான்தான் இன்னமும் கலர் கரைத்துக் கொடுக்கிறேன், ஒரு சொட்டுக் குறைத்து. சோறும் அப்படித்தான், பேச்சும் அப்படித்தான். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவருக்குத் தெரிகிறது.

அவர் தினமும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். இந்த வருஷம் கல்யாண நாளன்று சாப்பிட்ட கையைக் கழுவாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"செலஸ்டி, இதுல ரெண்டு பேருக்கு எடம் இருக்குமா?"

நான் போய் மூடியைத் தூக்கிக் காட்டினேன்.

"அளவெடுத்துச் செஞ்சது" என்றேன். "ஒரு ஆளுக்கு."